படம் பார்க்காத ரோவீனா

ரோவீனா ஆர்ச்சுலேட்டா மரக்கரண்டியின் காம்பைக் காதில் வைத்து, அதன் மறுமுனையை ஒரு ஹார்ட் டிஸ்க்கின் முதுகில் ஊன்றியிருக்கிறாள். கண்கள் மூடியிருக்கின்றன. எதிரே நிற்பவர் ஏதோ சொல்ல வாயெடுக்க, இடது கையைத் தூக்கி அவரை அடக்குகிறாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "மூடியைத் தொறந்தியா?" என்கிறாள். ஒரே ஒரு தடவை, சமையலறை மேசையில் வைத்து, என்று அவர் முணுமுணுக்கிறார். "இருவது வருஷம் டிஸ்க் பண்ணினவன் நீ. ஒரு தூசி போதும்னு ஒனக்கு நான் சொல்லணுமா?" மனிதர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிகிறார்.

எங்கள் லாங்மான்ட் ஊரின் வியாதி இது. ஒரு காலத்தில் இங்கே பாதிப் பேர் டிஸ்க் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். கெட்டுப்போனதைப் பேசாமல் கொண்டு வராமல், திருகாணியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்து, ஊதியும் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். ரோவீனாவும் அங்கே இருபத்திரண்டு வருடம் இருந்தாள், கண் மட்டும் தெரியும் வெள்ளை உடுப்பில். தொழிற்சாலை கடல் கடந்து போன பிறகு, என் தையல் கடைக்கும் டயர் கடைக்கும் நடுவே இருந்த இடத்தைப் பிடித்தாள். அறுபத்தொரு வயது. மதியம் பச்சை மிளகாய்க் குழம்பும் சோள ரொட்டியும் கொண்டு வருவாள். எனக்கும் சேர்த்துத்தான். நான் நன்றி சொன்னால் அவளுக்குக் கோபம் வரும்.

அவள் கடைச் சுவரைப் பார்த்தால் யாருக்கும் வாய் பிளக்கும். துளையிட்ட அட்டையைப் படிக்கும் எந்திரம் முதல் நேற்று வந்த மெமரி கார்டைப் படிப்பது வரை வரிசையாக இருக்கும். சாப்பாட்டுத் தட்டு அளவு ஃபிளாப்பி, உள்ளங்கை அளவு ஃபிளாப்பி, சுருள் நாடா, கேசட், சி.டி., எல்லாவற்றுக்கும் உயிரோடு ஓர் எந்திரமாவது வைத்திருக்கிறாள். ஒவ்வொன்றின் குணமும் அவளுக்கு அத்துப்படி. "டிஸ்க்கு நல்ல மனுஷன் மாதிரி. சாகறதுக்கு முன்னாடி முனகிக் காட்டும். இந்தப் பென்டிரைவ் இருக்கே, ராத்திரி நல்லா இருந்துட்டுக் காலையில சொல்லாமக் கொள்ளாமப் போயிடும்." சி.டி.யை அவள் மதிப்பதே இல்லை. பளபளப்பை நம்பி மோசம் போகாதே என்பாள்.

ஒருநாள் என் கட்டைவிரல் நகத்தின் மேல் ஒரு மெமரி கார்டை வைத்தாள். அதில் இருப்பதைப் பழைய தட்டு ஃபிளாப்பியில் வைக்க வேண்டுமானால் லட்சம் தட்டு வேண்டும் என்றாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். தும்மினால் ஒரு குடும்பத்தின் இருபது வருடம் மேசைக்கடியில் போய்விடும் என்று நிஜமாகவே பயமாக இருந்தது. இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் அந்தப் பிரமிப்பு எனக்கு அடங்கவில்லை.

அவளிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. மீட்டெடுப்பதை அவள் பார்க்கவே மாட்டாள். வீடியோ என்றால் திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சத்தத்தை வைத்தே நாடா சரியாக ஓடுகிறதா என்று கண்டுபிடிப்பாள். பேச்சு காதில் விழுமே என்று ஒருமுறை மடக்கினேன். சத்தத்தைத்தான் கேட்கிறேன், பேச்சைக் கேட்பதில்லை என்றாள். "ஊரார் ரகசியம் எனக்கெதுக்கு? நாளைக்குக் கோயில்ல அவங்க மூஞ்சியைப் பாக்கணும்ல."

அந்தக் கட்டுப்பாட்டுக்குச் சோதனை போன அக்டோபரில் வந்தது, எல்வுட் ப்ரூக்னர் உருவத்தில். பத்திரிகை அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என் வாடிக்கையாளர். பிறவியிலேயே காது கேளாது. அவர் மனைவி நெட்டிக்கும் அப்படித்தான். நெட்டி இறந்து நாலு வருடம் ஆகிறது. நிலவறையில் தண்ணீர்க் குழாய் வெடித்து, வாரக்கணக்கில் ஊறிக் கிடந்த ஒரு வீடியோ கேசட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். நான்தான் ரோவீனாவிடம் அழைத்துப் போனேன். அதைத் திறந்ததும் பூஞ்சை வாடை குப்பென்று அடித்தது. நாடா அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டிருந்தது.

மனைவியின் போட்டோக்கள் வேறு இருக்கின்றனவா என்று ரோவீனா எழுதிக் கேட்டாள். அவர் தன் குறிப்பேட்டில் அச்சுக் கோத்தது போல எழுதினார்: "நெறைய இருக்கு. ஆனா போட்டோல அவ பேசலையே."

சைகையில் பேசும் கைகளோடு நெட்டி இருப்பது அந்த ஒரே நாடாவில்தான். ரோவீனா ஆப்பிள் வற்றல் போடும் உலர்த்தும் பெட்டியைத் துடைத்து, மிகக் குறைந்த சூட்டில் நாடாவை நாள்கணக்கில் காயவைத்தாள். மான் இறைச்சி வற்றலா என்று டயர் கடைக்காரர் கேட்டுப் போனார். பிறகு அங்குலம் அங்குலமாகப் பிரித்துத் துடைத்தாள். ஒரு தடவைதான் ஓடும், அதற்குள் பூச்சு உதிர்ந்துவிடும் என்று பெரியவருக்கு எழுதிக் காட்டினாள்.

ஓட்டும் நாள் காலையில்தான் சிக்கல் அவளுக்கு உறைத்தது. இந்த நாடாவில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? காற்றுச் சத்தம் நன்றாக இருக்கும்போதே கைகளின் படம் கிழிந்து போயிருக்கலாம். நீங்கள் திரையைப் பாருங்கள், படம் கெட்டால் கையைத் தூக்குங்கள், நான் குமிழைத் திருகுகிறேன் என்று எழுதி நீட்டினாள். அவர் படித்துவிட்டுச் சிரித்தார். "நான் அவளைப் பாப்பேனா, ஒனக்குக் கை தூக்குவேனா? நீயே பாரும்மா."

ரோவீனா திரையைத் தன் பக்கம் திருப்பினாள். இத்தனை வருடத்தில் அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

முதலில் நீலக் கோடுகள் மட்டும் ஓடின. பிறகு ஒரு கொல்லைப்புறம், ஒரு பீச் பழக்கூடை, நாற்பது வயதுப் பெண். கைகள் பேசத் தொடங்கின. கரடி ஒன்று பழத்துக்காக வண்டிக் கொட்டகைக்குள் புகுந்த கதை அது. சைகை மொழியில் எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது, ஆனாலும் கரடி கண்ணுக்குத் தெரிந்தது. அது கதவில் மாட்டிக்கொண்டதும் தெரிந்தது. நானும் ரோவீனாவும் சிரித்துவிட்டோம். படம் கிழிய வரும்போதெல்லாம் அவள் விரல் முந்திக்கொண்டு குமிழைத் திருகியது. அவள் இமைத்தாளா என்று எனக்குச் சந்தேகம். இவ்வளவு உயிரையும் இரும்புத் துருப் பொடி பூசிய ஒரு நாடா தாங்கிக் கிடந்ததை நினைக்க எனக்குப் புல்லரித்தது.

கதை முடிந்ததும் நெட்டி நேராக நம்மைப் பார்த்து ஏதோ கேட்டாள். படம் மேலும் கீழும் ஆடியது. அவள் அது போதாது என்று தலையை ஆட்டி, திரும்பவும் கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். மழைத்துளி விழுந்தது. அதோடு நாடா முடிந்தது.

நகலை இரண்டு இடத்தில் பதிந்து சரிபார்த்துவிட்டு, "எல்லாம் வந்துடுச்சு, பெரியவரே" என்று ரோவீனா எழுதினாள். அவர் வெகுநேரம் எழுதினார். "கடைசில அவ ஒண்ணு கேட்டா. என் ரெண்டு கையிலயும் கேமரா. தலையாட்டற மாதிரி அதை ஆட்டிப் பாத்தேன், ஒத்துக்கலை. மழை வந்துச்சு, உள்ள ஓடிட்டோம். அப்பறம் அந்தப் பேச்சே வரலை."

என்ன கேட்டாள் என்று நாங்கள் கேட்கவில்லை. ரோவீனா நாற்காலியைத் திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்து, நகலின் கடைசி நிமிடத்தை ஓட்டினாள். நெட்டி கேட்டாள். திரும்பவும் கேட்டாள். பெரியவர் பேனாவைக் கீழே வைத்து, கால்சட்டையில் உள்ளங்கைகளைத் துடைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் உயர்த்தினார். மழைத்துளி விழுமுன் ரோவீனா பொத்தானை அழுத்திப் படத்தை நிறுத்தினாள், நெட்டி காத்திருக்கட்டும் என்று.