கடைசிப் பொத்தான்

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றான புதிதில், ஸ்ரீவராகம் கோவில் வாசலில் எங்கள் தெரு மாமா ஒருவரைத் தினமும் பார்ப்பேன். நல்ல உயரம், பளிச்சென்ற வேஷ்டி. நெற்றியில், பஸ்ஸிலிருந்து விழுந்து அடிபட்ட தழும்பு. அங்கே ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அவரும் பொத்தான்களைக் கழற்றுவார். கடைசிப் பொத்தான் கழன்றதும் விரல்கள் மேலே போய் ஒவ்வொன்றாக மறுபடி போடத் தொடங்கும். பிறகு மறுபடி கழற்றும். அதற்குள் நடை அடைத்துவிடுவார்கள். பேச்சில் ஒரு பிசகும் இல்லாததால், வேண்டுமென்றே செய்கிறார் என்று தெருவில் சிரித்தார்கள்.

ஒருநாள் கேட்டேன். "மாமா, கழட்டியாச்சே, அதோட நிறுத்தப்படாதா?"

"நிறுத்தணும்னு நேக்குத் தெரியறதுடா. உள்ளே கத்திண்டுதான் இருக்கேன். கை கேக்க மாட்டேங்கறது."

மறுநாள் கடைசிப் பொத்தான் கழன்ற உடனே சட்டையை நானே உருவிக்கொண்டு, அவரைச் சன்னிதிக்கு அழைத்துப் போனேன். தீபாராதனைக்கு எல்லாரும் கைகூப்பினார்கள். அவர் விரல்கள் மட்டும் வெற்று மார்பில், இல்லாத பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தன.

"கூப்பணும்டா" என்றார், கெஞ்சுவதுபோல.

அந்தக் கைகளைச் சேர்த்து இறுகப் பிடித்தேன். என் பிடிக்குள்ளும் விரல்கள் நிற்கவில்லை.