குடியும் மையும்

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஃப்ளெக்ஸ் கடையில் ஏழு வருடமாக பிரிஸ்கில்லாதான் டிசைனர். ஒரே காதணி விழா பேனரில் நாற்பது தாய்மாமன்களை மனத்தாங்கல் வராமல் உட்காரவைக்க அவளை விட்டால் ஆளில்லை. ஆனால் யார் முகமும் இல்லாத ஒன்றை அவள் செய்ததே இல்லை. அதனால்தான் அறிவுச்செல்வி வந்து, "எங்க அமைப்புக்கு ஒரு சின்னம் வேணும்மா" என்றதும் கை பரபரத்தது.

அமைப்பின் பெயர் 'குடிமை'. கிராமசபையில் எப்படிப் பேசுவது, மனு எப்படி எழுதுவது என்று ஊர் ஊராகச் சொல்லித்தருபவர்கள். எந்த நிறத்தைத் தொட்டாலும் ஏதாவதொரு கட்சி வந்து நின்றது. மிச்சமிருந்தது, ஓட்டுப் போட்ட விரலின் ஊதா. 'குடி'யைப் பெரிதாக எழுதி, 'மை'யை ஒரு விரல்நுனியில் பொடியாக வைத்தாள். தான் செய்ததிலேயே அவளுக்குப் பிடித்தது அதுதான்.

அக்டோபர் இரண்டாம் தேதி ஆத்தூர்ப் பக்கம் ஒரு கிராமசபை. பக்கத்தில் பந்தல் போட்டு, வாசலில் அந்தச் சின்னம் போட்ட பேனரைக் கட்டினார்கள். வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் சாலையில் நின்றே கத்தினார்.

"ஏலே அப்பு, காந்தி செயந்தி, கடையெல்லாம் லீவுன்னாய்ங்க. இங்கிட்டுத் தொறந்து வச்சிருக்காய்ங்க பாரு!"

ஊரே சிரித்தது. பெண்கள் பந்தலைச் சுற்றிக்கொண்டு போனார்கள். வந்த ஒருத்தியும், குடியை மறக்கடிக்கப் புருஷனை எத்தனை நாள் இங்கே விடவேண்டும் என்றுதான் கேட்டாள்.

"வேற ஆள வச்சு மாத்திரலாமாம்மா?" என்றார் அறிவுச்செல்வி.

"ஒரு வாரம் குடுங்கக்கா. நான் கம்ப்யூட்டர்ல பாத்தேன், அவரு ரோட்டுல நின்னு பாத்தாரு. அதேன் தப்பு."

அந்த வாரம் முழுக்க, அச்சடித்ததைக் கடை வாசலில் தொங்கவிட்டு, எதிர் டீக்கடையில் நின்று பார்த்தாள். மூன்று எழுத்தும் ஒரே உயரம் ஆயின. 'மை'யின் கொம்பு கைரேகைச் சுழியாகச் சுருண்டது.

தாடிக்கொம்பில் புதுப் பேனரைக் கட்டிய அன்று, காய்கறிக்கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பேச்சாயி என்ற பெண் எழுத்துக்கூட்டினாள்.

"கு... டி... மை. ஓட்டுக்கு வைக்கிற மையா?"

"ஆமாங்கக்கா" என்றாள், பேனரோடு வந்திருந்த பிரிஸ்கில்லா.

"அதேன் போட்டாச்சே. இன்னும் என்னத்துக்கு?"

"போட்டவுக கேக்குறதுக்கு."

"அப்புடியா? எங்க தெருவுக்கு ஒரு தண்ணிக்குழா வேணும். யாருகிட்டக் கேக்கணும்?"

பிரிஸ்கில்லா சிரிப்பை அடக்க மாட்டாமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"செத்த உக்காருங்கக்கா. எங்க அறிவுச்செல்வி அக்காவக் கூட்டியாரேன்."