சத்தத்துக்கு முந்தியவர்

‘மின்னல்’ என்று பட்டப்பெயர் வாங்கியவருக்குக் கால் சுமார்தான். கண்தான் கூர்மை. கல்லூரியில் ஓட்டப்பந்தயங்களைத் துப்பாக்கி வெடித்துத் தொடங்கிவைத்த விளையாட்டு ஆசிரியருக்கு அந்தச் சத்தம் ஆகாது. விசையை அழுத்துவதற்கு ஒரு கணம் முன்னால் அவருடைய இடது தோள் தானாகக் காதைப் பார்த்து எழும்பும். மற்றவர்கள் தலையைக் குனிந்து சத்தத்துக்குக் காத்திருக்க, மின்னல் மட்டும் கழுத்தை லேசாகச் சாய்த்து அந்தத் தோளைப் பார்த்துக்கொண்டிருப்பார். தோள் அசைந்தால் கிளம்பிவிடுவார். வெடி அவருக்குப் பின்னால் வந்துசேரும்.

படித்த காலம் முழுக்க நூறு மீட்டரில் அவர்தான் சாம்பியன். ஒவ்வொரு முறையும் அரையடி பின்னால் வந்தவனுக்கு ‘ரெண்டு’ என்று பெயர் வைத்தார்கள். நிஜமாகவே ஓடத் தெரிந்த கால்கள் அவனுடையவை. அதை யாரும் கேட்கவில்லை.

வெளியூர்ப் போட்டிகளில் துப்பாக்கி வேறு ஆள் கையில் இருக்கும். அங்கெல்லாம் மின்னலுக்குப் போட்டியன்று காலை சொல்லிவைத்தாற்போல் தொடை பிடித்துக்கொள்ளும். நொண்டுவதில் ஆள் கெட்டிக்காரர். எந்தக் கால் என்பதுதான் சில சமயம் மறந்துபோகும்.

காப்பீட்டு அலுவலகத்தில் விளையாட்டு வீரருக்கென்று ஒரே ஒரு வேலை வந்தது. சாம்பியன் வாங்கிக்கொண்டார். ரெண்டு காலணிக் கடையில் சேர்ந்து ஊரார் பாதங்களுக்கு முன்னால் மண்டி போட்டான். அதுவும் போதாதென்று, வேலையும் கோப்பையும் உள்ள பையனை விட மனசில்லாமல் ரெண்டுவின் அப்பா அவன் தங்கையை மின்னலுக்குக் கட்டிவைத்தார். ‘வாடா’ என்று கூப்பிட்ட வாயால் ‘வாங்க மாப்ள’ என்று கூப்பிட வேண்டியதாயிற்று.

கல்யாணமான புதிதில், விருந்து சாப்பிட்ட மயக்கத்தில் மாப்பிள்ளையே ஒருநாள் வாயைத் திறந்தார்.

“மச்சான், நீ காதை நம்பி ஓடுன. நான் சாரோட தோளைப் பாத்து ஓடுனேன்.”

“அப்ப உங்களைவிட நான்தான் வேகமா?”

“வேகம் யாருக்கு வேணும்? முந்தினாப் போதாதா?”

அந்த ஒரு வித்தையை வைத்தே பிழைத்தார். மேலாளர் உதடு பிரியும் முன்பே சிரித்து முடித்தார். அவர் நாற்காலியில் அசைந்தால் கதவைத் திறந்து பிடித்தார். பதவிகள் ஏறின. தடகளச் சங்கத்துக்குச் செயலாளரானார். ஜன்னலே இல்லாத ஓர் உடற்பயிற்சிக் கூடத்துக்குத் தன் பெயரைத் தானே வைத்துக்கொண்டார். வயிறும் அவரை முந்திக்கொண்டு நடந்தது.

ரெண்டுவுக்கு ஒரே ஓர் ஆசைதான் மிச்சம். ஒரு தடவை, நாலு பேர் முன்னால், இந்த ஆளைத் தோற்கடிக்க வேண்டும். கல்லூரி ஆண்டுவிழாவில் பழைய மாணவர்களுக்கு நூறு மீட்டர் என்றதும், கடைக்குப் போகுமுன் விடியற்காலையில் ஓடிப் பழகினான். மின்னல்தான் அன்றைக்குச் சிறப்பு விருந்தினர். சும்மா இருந்திருக்கலாம், கைதட்டல் ஆசை விடவில்லை.

“அண்ணா, அவருக்கு பிரஷர் இருக்கு. கொஞ்சம் பாத்து ஓடு” என்றாள் தங்கை.

“நான் பாத்து ஓடுறவன் இல்லம்மா. அது உன் வீட்டுக்காரரோட வேலை.”

பழைய ஆசிரியர் எப்போதோ ஓய்வு பெற்றுப் போய்விட்டார். துப்பாக்கி இப்போது ஓர் இளம் ஆசிரியையின் கையில் இருந்தது. அவள் ஓடுபவர்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். மின்னல் கோழியைப் போல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். தோள் எதுவும் அகப்படவில்லை.

வெடித்தது. ரெண்டு ஓடினான். முட்டி கத்தியது, விடவில்லை. மார்பில் நாடா பட்டதும் திரும்பிப் பார்த்தான். மற்றவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். மின்னல் கோட்டிலேயே குந்தியிருந்தார், கக்கூஸில் தண்ணீர் நின்றுபோனவரைப் போல. ரெண்டுவுக்குச் சிரிப்பு பொங்கியது.

முன் வரிசையிலும் உதடுகள் பிரியப் பார்த்தன. மின்னல் அதைப் பார்த்துவிட்டார். சிரிப்பு வெளியே வருமுன் எழுந்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கைதட்டிக்கொண்டே தடத்தில் நடந்துவந்து மைக்கைப் பிடித்தார்.

“எத்தனை தடவைதான் நானே ஜெயிக்கிறது? இன்னைக்கு என் மச்சான் ஜெயிக்கட்டும்னு நின்னுட்டேன்!”

கூட்டம் எழுந்து நின்று தட்டியது. ரெண்டு மூச்சு வாங்க ஓடிப்போய் மைக்கை இழுத்தான்.

“அவரு விட்டுக்கொடுக்கலைங்க. நான்தான் ஜெயிச்சேன். சத்தியமா நான்தான்.”

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. “ஆமாமா, நீங்கதான்!” என்று யாரோ கத்தினார்கள். கல்லூரி முதல்வர் அவன் முதுகில் தட்டி, “மாப்பிள்ளைக்கு ஏத்த மச்சான்” என்றார். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பதக்கம் போட மின்னலையே கூப்பிட்டார்கள். ரெண்டு கழுத்தைக் குனிந்து கொடுத்தான். மாட்டிவிட்டு, அவர் காதோரம் சாய்ந்து சொன்னார்:

“நல்லா ஓடுன மச்சான்.”

அன்று அவர் பேசிய உண்மை அது ஒன்றுதான். மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு சொன்னார்.