நான் துபாயில் இருந்த ஐந்து மாதங்கள்

குறுவை நடவு நடந்துகொண்டிருந்தபோது நான் துபாய்க்குப் போய்விட்டதாக, பாபநாசத்தில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் சொல்லப்பட்டது. உண்மையில் போனது கும்பகோணத்தைத் தாண்டி, சாலையிலிருந்து உள்ளே தள்ளி வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு போதை மறுவாழ்வு இல்லத்துக்கு. வீட்டிலிருந்து வாடகைக் காரில் ஒரு மணி நேரப் பயணம்.

பல வருடங்கள் ஒரு நாளிதழின் வட்டார நிருபராக இருந்தேன். ஒரு மாசி மாதம், கொள்முதல் நிலையத்தில் மழையில் நனைந்த நெல் மூட்டைகளைப் படமெடுத்துவிட்டுத் திரும்பும்போது வண்டி சறுக்கி இடுப்பில் அடிபட்டது. டாக்டர் பத்து நாளைக்கு எழுதிக்கொடுத்த வலி மாத்திரையை மூன்று வருடம் சாப்பிட்டேன். எந்த ஊரில் எந்த மருந்துக்கடையில் டாக்டர் சீட்டு கேட்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ‘போதைக்கு அடிமையான வாலிபர்’ என்று எத்தனையோ செய்திகளில் எழுதியிருக்கிறேன். அந்தச் செய்திகளில் சாராயம் இருக்கும், கஞ்சா இருக்கும். அட்டையில் வரும் மாத்திரையை நான் அந்த வரிசையில் வைத்ததில்லை. வாலிபர் என்ற சொல்லுக்கும் எனக்கும் வயது பொருந்தவில்லை.

கேமரா பையில் காலி அட்டைகளைப் பார்த்தது என் மனைவி. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மூன்றாம் நாள் தன் அம்மாவிடம் சொன்னாள்.

மாமியாருக்குத் தெரிந்த வைத்தியம் கயிறு. எங்கள் பக்கத்தில் குடியை விடுகிறவர்கள் கோயிலில் சாமி முன்னால் சத்தியம் செய்து கையில் கயிறு கட்டிக்கொள்வார்கள். கயிறு இருக்கும்வரை தொட மாட்டார்கள் என்பது நம்பிக்கை. மாமியார் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பூசாரி கயிற்றை எடுத்துக்கொண்டே கேட்டார்.

“பிராந்தியா, பீரா?”

“மாத்திரை” என்றேன்.

“என்ன மாத்திரை?”

“இடுப்பு வலிக்கு.”

அவர் கயிற்றைத் தட்டில் திரும்ப வைத்தார். “டாக்டர் எழுதிக் குடுத்ததை நிறுத்துன்னு சொல்லி நான் எப்படிம்மா கட்டுறது? நாளைக்கு இவருக்கு இடுப்பு புடிச்சுக்கிட்டா என்னையில்ல கேப்பீங்க.”

அடுத்து இருந்தது தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி. அங்கே மனநலப் பிரிவில் இதற்கு வைத்தியம் உண்டு என்று நானே ஒருமுறை செய்தி எழுதியிருந்தேன். ஆனால் அங்கே வாசலில் நின்றால் எங்கள் தாலுகாவில் பாதிப் பேரைப் பார்க்கலாம். அதனால்தான் வயலுக்கு நடுவே இருந்த இல்லம். துபாய் என்ற யோசனை, துபாயிலேயே வேலை பார்க்கும் என் மைத்துனருடையது.

“ஊர்ல சொல்றதுக்கு ஒண்ணு வேணும்ல மாப்ள. எங்கிட்ட வந்துட்டதாச் சொல்லிடுங்க. நம்ம பக்கத்துல ஒருத்தரு வெளிநாடு போனா எவன் ஆச்சரியப்படப் போறான்?”

இல்லத்தில் முதல் பத்து நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூக்கு ஒழுகியது, கால்கள் தாமாக உதறின, எலும்புக்குள் யாரோ துணி பிழிவதுபோல இருந்தது. அதற்குப் பிறகுதான் மற்றவர்களைக் கவனித்தேன். அந்தக் கூடத்தில் படுத்திருந்தவர்களில் ‘வெளிநாடு’ போனது நான் மட்டும் இல்லை. இரண்டு பேர் சிங்கப்பூரில் இருந்தார்கள். குத்தாலத்துக்காரர் ஒருவர் மஸ்கட்டில் இருந்தார். சாப்பாட்டு மணி அடித்தால், “சிங்கப்பூர், தட்டை எடு. துபாய், தள்ளி உக்காருங்க, மஸ்கட்டுக்கு இடம் வேணும்” என்று கூப்பிட்டுக்கொள்வோம். அந்தச் சிரிப்பு சாப்பாடு முடியும்வரை தாங்கும். பிறகு ஜன்னல் வழியே ஆளுக்கொரு பக்கம் வயலைப் பார்த்துக்கொண்டிருப்போம். பயிர் பால் பிடித்ததும், கதிர் சாய்ந்ததும், அறுவடை மிஷின் இறங்கியதும் அங்கிருந்துதான் பார்த்தேன்.

மூன்று மாதம் முடிந்து அனுப்பும்போது டாக்டர் இரண்டு விஷயங்கள் சொன்னார். செவ்வாய்க்கிழமைதோறும் மெடிக்கல் காலேஜில் போய்க் காட்ட வேண்டும். வலி மாத்திரையின் வேலையைத் தடுக்கும் வேறொரு மாத்திரையைத் தினமும் காலையில், வீட்டில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க விழுங்க வேண்டும். “தனியா இருக்காதீங்க. தனியா இருந்தவங்கதான் திரும்ப இங்க வர்றாங்க.”

மனைவிக்குப் போன் செய்து, சாயங்காலம் வந்துவிடுகிறேன் என்றேன்.

“மூணு மாசத்துல யாராவது துபாய்லேருந்து வருவாங்களாங்க? என்ன ஆச்சு, ஏது ஆச்சுன்னு துருவுவாங்க. பொங்கல் வரைக்கும் பொறுத்துக்குங்க.”

அப்படித்தான் தஞ்சாவூரில் மெடிக்கல் காலேஜுக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்தேன். மாடியில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. கீழே ஒரு மருந்துக்கடை. அந்தப் பகுதியில் மருந்துக்கடை இல்லாத கட்டடம் குறைவு. செவ்வாய்க்கிழமைகளில் மாஸ்க் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவேன்.

காலையில் ஏழு மணிக்கு வீடியோ காலில் வருவாள். நான் மாத்திரையை விரலில் பிடித்துக் காட்டி, வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பேன். “சரிங்க, ஸ்கூலுக்கு நேரமாச்சு” என்று வைத்துவிடுவாள். அதற்குப் பிறகு அன்றைக்கு என்னிடம் பேசப்போவது ஓட்டல் சர்வர் மட்டும். அவரும் “சாம்பாரா, ரசமா” என்பதோடு நிறுத்திக்கொள்வார். மழைக்காலத்தில் ஆற்றின் கடைமடையில் பயிர் மூழ்கிய செய்திகளுக்காக நாளெல்லாம் போன் அடிக்கும் வாழ்க்கை எனக்கு இருந்தது. இப்போது சார்ஜ் மூன்று நாள் நின்றது.

தீபாவளியன்று காலையில் சொந்தக்காரர்கள் எல்லோரும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நான் வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து அவர்களோடு வீடியோவில் பேசினேன். சித்தப்பா ஒருவர், “அங்க இப்ப மணி என்ன?” என்றார். இங்கத்து மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தைக் குறைத்துச் சொன்னேன். அந்த நேரம் பார்த்துத் தகரத்தில் மழை கொட்டியது.

“என்ன தம்பி சத்தம்? துபாய்ல மழையா?”

“ஏசி சித்தப்பா. பழைய ஏசி.”

அவர் தலையாட்டினார். பின்னால் பூரிக்கட்டை உருளும் சத்தம் கேட்டது. எனக்குப் பசித்தது. ஓட்டல் அன்றைக்கு விடுமுறை.

மறுநாள் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு தண்ணீர் மட்டும் குடித்தேன். போன் வைத்ததும் துப்பினேன். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. அடுத்த நாளும் அதையே செய்தேன். மூன்றாம் நாளும். நான்காம் நாள் கீழே இறங்கி மருந்துக்கடையின் முன்னால் நின்றேன். கடைக்காரர் “சொல்லுங்க சார்” என்றார். பல்பொடி கேட்டேன். மேலே வந்து உட்கார்ந்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பொங்கல்வரை இந்த அறையில் இருந்தால் நான் திரும்பவும் பழைய மாத்திரைக்குப் போய்விடுவேன். வீட்டுக்குப் போக வேண்டும்.

அது திங்கட்கிழமை. மறுநாள் ஆஸ்பத்திரியில், மனநலப் பிரிவின் வெளியே இருந்த பெஞ்சில், பாபநாசத்தில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டு அக்கா உட்கார்ந்திருந்தார். பதினைந்து வருடப் பழக்கம். திரும்பிப் போய்விடலாம் என்று நினைப்பதற்குள் மாஸ்க்கையும் மீறி அவர் அடையாளம் கண்டுவிட்டார்.

“வா தம்பி. எப்ப வந்தே, துபாய்லேருந்து பஸ் இருக்கா?”

அவர் நகர்ந்து இடம் விட்டார்.

“நான் கண்ணு காட்ட வந்திருக்கேன். ஊர்ல அப்படித்தான் சொல்லியிருக்கேன். ரெண்டு வருசமா மாசா மாசம் கண்ணுதான் காட்டுறேன். பார்வை நல்லாத்தான் தெரியுது, தூக்கம்தான் வரல.”

“அக்கா, தயவுசெஞ்சு தெருவுல...”

“தெருவுல என்ன? எல்லாருக்கும் தெரியும் தம்பி. நீ அந்த ஹோமுக்குப் போன வண்டி டிரைவரு யாரு, நம்ம தெரு முக்குல இருக்கிறவந்தானே?”

“அப்ப தீபாவளிக்கு...”

“உங்க சித்தப்பாதானே மணி கேட்டாரு? வெளிய வந்து எங்ககிட்டயே சொன்னாரு, பய கரெக்டா சொல்றான்னு. டீச்சர் அவ்வளவு சிரமப்பட்டுச் சொல்லுது, நாங்களும் கேட்டுக்கிட்டோம். வேற என்ன பண்ணச் சொல்றே?”

அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போகும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். நாலரை மாதத்தில் என்னைத் தொட்ட முதல் ஆள், நாடி பார்த்தவர்களைத் தவிர்த்தால்.

அன்று மதியம் மனைவிக்குப் போன் செய்தேன். தெருவுக்கு எல்லாம் தெரியும், இனி மறைக்க ஒன்றுமில்லை, நான் வருகிறேன் என்றேன். இது அவளுக்கு நல்ல செய்தியாக இருக்கும் என்று நினைத்தேன்.

“தெரியும்ங்க” என்றாள்.

“என்ன தெரியும்?”

“அவங்களுக்குத் தெரியும்னு எனக்கு எப்பவோ தெரியும்.”

“அப்புறம் ஏன் பொங்கல்னு சொன்னே?”

பள்ளிக்கூட மைதானத்தின் இரைச்சல் கேட்டது. அவள் நடந்து எங்கேயோ ஒதுங்கியபின் பேசினாள்.

“மூணு வருசம் நான் தூங்கலைங்க. நீங்க பாத்ரூம் போனா முழிச்சுப்பேன். மூச்சு வருதான்னு பாப்பேன். உங்க பையைத் துழாவுவேன். இந்த அஞ்சு மாசம் படுத்தா காலையிலதான் எந்திரிக்கிறேன். நீங்க வந்தா அது போயிடும்னு பயமா இருக்கு. அதை எப்படி உங்ககிட்ட சொல்றது?”

கன்னத்தில் ஒதுக்கிய மாத்திரைகளைப் பற்றிச் சொன்னேன். சொல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது என்று தோன்றியது. மருந்துக்கடை வாசலில் நின்றதையும் சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள். மறுநாள் ஏழு மணிக்கு வீடியோ வரவில்லை. வியாழனும் வெள்ளியும் வரவில்லை. நான் மாத்திரையை விழுங்கினேன். யாரும் பார்க்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். பெஞ்சில் பக்கத்தில் உட்காராமல் எதிரே உட்கார்ந்தாள். உள்ளே டாக்டரிடம் நேராகக் கேட்டாள்.

“வீட்டுக்கு வந்தா பழைய மாத்திரைய விட்டுடுவாரா சார்?”

“உறுதி சொல்ல முடியாதும்மா. தனியா இருந்தா நிச்சயம் கஷ்டம். வீட்ல இருந்தா ஒரு வாய்ப்பு இருக்கு.”

“எனக்கு மறுபடி தூக்கம் போனா?”

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். “அப்ப நீங்களும் இங்க வாங்க. அதுக்கும் இங்கதான் பாக்குறோம்.”

அவள் சீட்டை வாங்கி, விடைத்தாள் திருத்துவதுபோல வரிவரியாகப் படித்தாள்.

“ஒரு வாரம் பாக்குறேன்” என்றாள். டாக்டரிடமா, என்னிடமா என்று தெரியவில்லை.

பஸ்ஸில் அவள் முன்னால் பெண்கள் வரிசையில் உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்றுகொண்டு வந்தேன். குறுவையை அறுத்துவிட்டுத் தாளடி நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் தேங்கியிருந்தது. தெருவில் இறங்கி நடந்தபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த வாரம் முழுவதும் கேட்கவில்லை. என்னைப் பார்த்தால் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

இப்போதும் வாரக்கணக்குதான். செவ்வாய்க்கிழமை வந்ததும், “சரி, இன்னும் ஒரு வாரம்” என்கிறாள். அவள் அறையில் படுக்கிறாள், நான் கூடத்தில் படுக்கிறேன். நான் எழுந்தாலும் அவள் தூங்கட்டும் என்று கதவைத் தாழ் போட்டுக்கொள்ளச் சொன்னது நான்தான். காலையில் மாத்திரையும் தம்ளருமாக வந்து நிற்பாள். விழுங்கியதும், “வாயைத் திறங்க” என்பாள். திறப்பேன். “நாக்கைத் தூக்குங்க. கன்னம்.” இரண்டு பக்கமும் விரலால் இழுத்துக் காட்டுவேன். பார்த்துவிட்டு, தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.