உருளி மருந்தும் ஒரு மாமியாரும்

அடுத்தவர் வீட்டு அடுப்பில் நின்று வெந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்: பிள்ளை பெற்றவளுக்கு மருந்து கிண்டப் போகிறவனுக்குக் கையும் நோகும், பேரும் கெடும். சுக்கு, மிளகு, ஓமம், பூண்டெல்லாம் பெண்கள் இடித்துவிடுவார்கள். கருப்பட்டிப் பாகு இறுகும்போது கிண்டத்தான் என்னைக் கூப்பிடுவார்கள்.

வாய் மணம்

பகவதிக்குத் தலைப்பிரசவம். அவள் தாய் வீட்டில் வெண்கல உருளி நிறையக் கிண்டி வைத்தேன். பிள்ளை பார்க்க வந்த மாமியார் இசக்கியம்மை, பதம் பார்க்க என்று ஒரு உருண்டை எடுத்தாள். பிறகு இடுப்பு வலிக்கு ஒன்று. பொழுது சாய்வதற்குள் உருளியில் அடி தெரிந்தது. மருந்து எங்கே என்று பகவதியின் அம்மா கேட்டதும், இசக்கியம்மை என்னைக் கைகாட்டினாள்.

"கிண்டினவன் வாயை மோந்து பாருங்க."

தாய் வீட்டு முறை

மோந்துதான் பார்த்தார்கள். பதம் பார்த்து மருந்து கிண்டுகிறவன் வாய் பிச்சிப்பூவா மணக்கும்? அதன்பிறகு இசக்கியம்மை வீட்டுப் படி நான் ஏறியதில்லை.

எங்கள் ஊர்ப்பக்கம் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முந்தின வருஷம் பகவதிக்கு இரண்டாவது பிள்ளை. அதற்குள் அவள் அம்மா இறந்துபோயிருந்தாள். புருஷன் வீட்டிலேயே பெற்றாள். பால் இறங்கவில்லை. பிள்ளை பசியில் அழுவது தெருமுனைவரை கேட்டது. பக்கத்து வீட்டு வேதக்கோயில் உபதேசியார் மனைவி போய், மருந்து கிண்டவில்லையா என்று கேட்டதற்கு இசக்கியம்மை சொன்ன பதில்:

"மருந்து தாய் வீட்டு முறை. செத்தவகிட்டப் போய்க் கேளுங்க."

உபதேசியார் வீட்டு அடுப்பு

அன்றைக்கே தெருவில் ஒருத்தி கருப்பட்டி கொண்டுவந்தாள், ஒருத்தி நல்லெண்ணெய், ஒருத்தி பூண்டு. உபதேசியார் வீட்டுப் புறவாசலில் கிண்டினேன். வஞ்சத்துக்குக் கிண்டினால் கை நோவதில்லை. உருளியை உபதேசியார் மனைவியே பத்திரப்படுத்தினாள். காலையும் மாலையும் ஒரு உருண்டையோடு போய்ப் பகவதியின் கட்டிலருகே நிற்பாள். எதிரே இசக்கியம்மையும் நிற்பாள்.

"வாயைத் திற மக்கா. முழுங்கிட்டியான்னு பாத்துட்டுத்தான் போவேன்."

அடியில் ஒட்டியது

பால் இறங்கிற்று. பிள்ளை வயிறு நிறையக் குடித்து உறங்கியது, தெருவும் உறங்கியது. உருளி காலியான அன்று நான் அதைக் கழுவ உட்கார்ந்தபோது, இசக்கியம்மை இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். மருமகள் தெம்பாகிவிட்டாள், மருந்து நல்ல பதம் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணாச்சி, அடியில ஒட்டினது கிடக்குல்லா? அத எனக்குச் சுரண்டித் தாரும்."

சுரண்டி உபதேசியார் வீட்டு நாய்க்குப் போட்டேன். அது குட்டி போட்டிருந்த நாய், அதற்கு முறை உண்டு.