பக்கத்து வீட்டில் மணந்த சாம்பிராணி

சிம்னிக்குள் லைனர் குழாய் இறக்காமல் ஸ்டவ் பூட்ட மாட்டேன் என்று நான் சொன்னதும் சிவநேசனுக்கு முகம் கறுத்துவிட்டது. கிழக்கு லண்டனில், செவன் கிங்ஸில், வரிசை வீடொன்றை அப்போதுதான் வாங்கியிருந்தார். முன்னறையின் பழைய நெருப்படுப்புக்குள் இன்சர்ட் என்னும் இரும்பு விறகு ஸ்டவ்வை வைக்க என்னைக் கூப்பிட்டிருந்தார். சனிக்கிழமை வீட்டுக்கு ஆட்கள் வர இருந்தார்கள்; அதற்குள் ஸ்டவ் எரிய வேண்டும் என்றார்.

"நூறு வருசமாய்ப் புகை போன சிம்னிதானே அண்ணை. இனி வழி மாறியே போகப்போகுது?"

நான் பிடிவாதக்காரன். வாய்ச்சண்டை எதற்கு, புகை விட்டே காட்டுகிறேன் என்று வெளியே நின்ற என் வேனுக்குப் போனால், கசிவு பார்க்கக் கொளுத்தும் புகைமாத்திரைப் பெட்டியைக் காணோம். வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். முப்பது வருட அனுபவம் என்று அப்போதுதான் பெருமையடித்திருந்தேன்.

சிவநேசனின் மனைவி மாலதிதான் என் மானத்தைக் காப்பாற்றினார். "சாம்பிராணி போட்டால் காணாதே அண்ணை?"

தணல் சட்டியை அடுப்புக்குள் வைத்து, கை நிறைய அள்ளிப் போட்டார். அடுப்பு வாயைப் பலகையால் மூடினேன். கொஞ்ச நேரத்தில் வாசல் மணி அடித்தது. பக்கத்து வீட்டுக் கவிதா, மதுரைக்காரர், சிரித்துக்கொண்டு நின்றார்.

"என்னக்கா விசேஷம்? எங்க பெட்ரூம் பூரா கமகமன்னு இருக்கு. பாப்பா கூட அழாம தூங்குறா."

"ஜன்னல் திறந்தோ இருக்கு?" என்று கேட்டேன்.

"இந்தக் குளிர்லயா? பூட்டித்தாங்க இருக்கு."

எல்லோருமாகக் கவிதா வீட்டு மாடிக்கு ஓடினோம். அடைத்த பழைய அடுப்பின் காற்றுச் சல்லடை வழியே, தொட்டிலுக்குப் பக்கத்தில், புகை மெல்ல வந்துகொண்டிருந்தது. இரண்டு வீட்டுச் சிம்னிக்கும் நடுவே இருந்த செங்கல் சுவர் எங்கோ உடைந்திருக்கிறது. ஜன்னலைத் திறந்துவிட்டுச் சொன்னேன்:

"தம்பி, இது மணந்தபடியால் தெரிஞ்சுது. கார்பன் மொனாக்சைடு மணக்காது."

சிவநேசன் தூங்கும் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். "லைனரைப் போடுங்கோ அண்ணை. சனிக்கிழமையை விடுங்கோ."

அடுத்த வாரம் என் கூட்டாளி கூரையிலிருந்து ஸ்டீல் லைனரை இறக்க, நான் கீழே கயிற்றை இழுத்தேன். வளைவில் சிக்கிக்கொண்டது. சிவநேசனும் வந்து பிடித்து இழுத்தார். லைனர் ஒரேயடியாக வந்தது, கூடவே ஒரு வாளிப் புகைக்கரியும் அவர் தலையில் கொட்டியது. "இண்டைக்குத்தான் வேலை செய்த ஆள் மாதிரி இருக்கிறியள்," என்று மாலதி புருஷனைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தார்.

இன்சர்ட்டின் கழுத்தில் லைனரைப் பூட்டினேன். கவிதா வீட்டுச் சல்லடையை வேண்டுமென்றே அடைக்காமல் மறுபடி புகை விட்டேன், இந்த முறை மாத்திரையில். மாலதி தொட்டிலருகே நின்று போனில் பேசினார்.

"ஒண்டும் இல்லை அண்ணை. பிள்ளையின்ட பவுடர்தான் மணக்குது."

அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த ஸ்டவ்வையும் பற்றவைத்ததில்லை. அன்றிலிருந்து, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டாமல் எந்தச் சிம்னிக்கும் சான்றிதழில் கையெழுத்துப் போடுவதில்லை.