உரக்கச் சொன்ன வேண்டுதல்

காமாட்சி அம்மனை நம்பும் எல்லோருக்கும் வணக்கம். எனக்குக் கோர்வையாக எழுத வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

நானும் என் கணவரும் பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறவர்கள். போன ஆடியில் அவருக்குக் கால் வீங்கியது. நாள் முழுக்கத் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்காருகிறவருக்கு வீங்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டோம். முகமும் வீங்கியபோதுதான் பயம் வந்தது. ரத்தம் சோதித்த டாக்டர், கிட்னி சரியில்லை, பெரிய டாக்டரைப் பாருங்கள் என்றார். கிட்னி என்றால் எங்கள் தெருவில் கல்தான். கல் எடுக்கும் டாக்டரிடம் ஓடினோம். அவர் ஸ்கேன் பார்த்து, கல் இல்லை, ஆனால் கிட்னி சுருங்கியிருக்கிறது, அதற்கான டாக்டரிடம் போங்கள் என்றார். எங்கள் காதில் விழுந்தது 'கல் இல்லை' மட்டும்தான். வரும் வழியிலேயே கோயிலில் தேங்காய் உடைத்தோம். இப்போது நினைத்தாலும் என் மேலேயே கோபம் வருகிறது.

அதோடு, கிட்னிக்கு நல்லது என்று காலையில் வாழைத்தண்டுச் சாறு, மத்தியானம் இளநீர், தினமும் என் கையாலேயே கொடுத்தேன். அவரோ நாளுக்கு நாள் சோர்ந்தார். சோறு இறங்கவில்லை. குறுக்கு நூல் ஓட்டும் நாடாவை எறியக் கை எழவில்லை. ஒரு நாள் தறியிலேயே சாய்ந்துவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மன் சன்னதியில் அழுதேன். தறிச் சத்தத்தில் கத்திப் பேசியே பழகிய தொண்டை எனக்கு. மனசுக்குள் வேண்ட வராது. "தண்டுச் சாறு குடுத்துக்கினுதான் இருக்கறேன், இளநி குடுக்கறேன், உன்னையும் விடாம கும்பிடறேன். இன்னும் இன்னாதான் பண்ணணும், சொல்லு" என்று அவளிடம் சண்டையே போட்டேன். வரிசையில் நின்றவர்கள் முகம் சுளித்தார்கள்.

பக்கத்தில் நின்ற ஒரு பெண் மட்டும் என் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தாள். டயாலிசிஸ் பிரிவில் நர்ஸாம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"முதல்ல அந்தச் சாறையும் இளநியையும் நிறுத்துங்கக்கா. அதுல இருக்கற பொட்டாசியத்தை அவரு கிட்னியால வெளியேத்த முடியாது. ஏறிடுச்சினா இதயம் நின்னுடும். கல்லுக்குப் பாக்கறவரு வேற, கிட்னி வேலை செய்யாததுக்குப் பாக்கறவரு வேற. நெஃப்ராலஜினு கேளுங்க" என்றாள். மறந்துவிடுவேன் என்று குங்குமப் பொட்டலத்தின் மேலேயே எழுதியும் கொடுத்தாள்.

அன்றே போனோம். பொட்டாசியம் ஏறித்தான் இருந்தது. உடனே சேர்த்துக்கொண்டார்கள். பல வருஷமாகக் கவனிக்காத ரத்த அழுத்தம்தான் கிட்னியைக் கெடுத்ததாம். போனது திரும்பாது, மாத்திரையும் பத்தியமுமாக மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் விளக்கினார். நான் இடிந்து உட்கார்ந்தேன். என் கணவர்தான் தேற்றினார்: "அறுந்த இழை போவட்டும்மா. மிச்சப் பாவு நூலை வெச்சி நெய்யலாம்."

ஒரு வருஷம் ஆகிவிட்டது. நோய் போகவில்லை. டயாலிசிஸ் ஒரு நாள் வரலாம் என்று தெரியும். ஆனால் வீக்கம் வடிந்து, காலையில் இரண்டு மணி நேரம் நெய்கிறார். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மனுக்கு நன்றி சொல்கிறேன், வழக்கம்போல உரக்க.

டாக்டர் சொல்வதைக் கடைசிவரை கேளுங்கள். குறை இருந்தால் அம்மனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். பதில் சொல்ல ஆளைப் பக்கத்திலேயே நிறுத்தியிருப்பாள்.